எட்டு நாளில் கிரேக்கம்: குழுச் சுற்றுலாவின் பயணத்திட்டத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: அறுபதைத் தாண்டிய அம்மா, அப்பாவையும் சேர்த்து நான்கு பேர், வழிகாட்டியுடன் கூடிய குழுச் சுற்றுலாவில் கிரேக்கம் போக வேண்டும். கையில் இருக்கும் திட்டம் 7 இரவு, 8 நாள். ஏதென்ஸ், டெல்ஃபி, ஒலிம்பியா, மெட்டியோரா, மிக்கோனோஸ், சான்டோரினி, கிரீட் எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. பணம் கட்டலாமா?

கிரேக்கத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். பட்டியலில் எத்தனை ஊர் இருக்கிறது என்பதை வைத்துச் சுற்றுலாவை எடை போடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள், அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

எட்டு நாளைப் பிரித்துப் பார்ப்போம். வந்து இறங்குவதில் ஒரு நாள், கிளம்புவதில் ஒரு நாள் போய்விடும். மிச்சம் ஆறு. நிலப்பகுதிச் சுற்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒரே பாதையில்தான் ஓட்டுகின்றன. முதல் நாள் ஏதென்ஸிலிருந்து கொரிந்த் கால்வாய், எபிடாரஸ், நாஃப்பிலியோ, மைசீனி பார்த்துவிட்டு இரவு ஒலிம்பியா. இரண்டாம் நாள் காலை ஒலிம்பியா, பிறகு ரியோன் பாலம் தாண்டி டெல்ஃபி. மூன்றாம் நாள் டெல்ஃபி பார்த்துவிட்டு மெட்டியோராவின் அடிவாரமான கலம்பாக்கா. நான்காம் நாள் மடாலயங்கள், தெர்மோபிலேயில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸ் சிலைக்கு முன் ஒரு படம், பிறகு ஏதென்ஸ். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம். இதற்கே நான்கு நாள். மீதி இரண்டு நாளில் மூன்று தீவுகள் என்றால், இரவில் கப்பல் ஓட, பகலில் இரண்டு மூன்று மணி நேரம் கரையில் விடுவார்கள். ஏதென்ஸ் குன்றின் மேல் உள்ள பழைய கோயில் வளாகமான அக்ரோபொலிஸ் எங்கே வரும் என்று தேடிப் பாருங்கள். வந்து இறங்கிய களைப்போடு மதியம் 2 மணிக்கு இருக்கும்.

நான்கு நாள் நிலச்சுற்று மோசமில்லை. பெற்றோருக்கு அதில் வசதிகூட உண்டு: பெட்டியை ஓட்டல்காரர் தூக்குவார், நுழைவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் பேருந்து உங்கள் விருப்பத்துக்கு நிற்காது, அதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். வண்டியில் இருக்கும் கருவி இதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். காலையில் குழுவில் யாரோ இருவர் அரை மணி நேரம் தாமதம் செய்தால், அந்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பிடிக்க முடியாது. அன்றைய கடைசி இடத்திலிருந்துதான் வெட்டுவார்கள்.

அப்படி அடிக்கடி வெட்டுப்படும் இடம் பழங்காலக் கோட்டை நகரமான மைசீனி. கி.மு. 1250 வாக்கில் எழுந்த சிங்க வாயிலைக் காட்டிவிட்டுக் கிளப்பிவிடுவார்கள். ஆனால் கோட்டைக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் முன்னாலேயே, சாலையோரத்தில், ஏட்ரியஸ் கருவூலம் என்று பெயர் பெற்ற கல்லறை இருக்கிறது. அதே சீட்டுதான். ஏறத்தாழ 13 மீட்டர் உயரக் குவிமாடம், வாசல் மேலே 120 டன் எடை சொல்லப்படும் ஒற்றைக் கல். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோட்டையைவிட இதுவே ஏற்றது, நடை கிட்டத்தட்ட சமதளம். திட்டத்தில் 'மைசீனி' என்று மட்டும் போட்டிருந்தால், கருவூலமும் உண்டா என்று கேளுங்கள். 1876-இல் தொல்லியலாளர் ஷ்லீமன் இங்கே தோண்டி எடுத்த 'அகமெம்னான் முகமூடி' உள்ளிட்ட தங்கமெல்லாம் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வெறும் கல்லாகத் தெரிந்த இடம் வேறு மாதிரி தெரியும். அந்த அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும் என்பதையும் திட்டத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அக்ரோபொலிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விதி மாறிவிட்டது. 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும், மணிக்கணக்கில் பிரித்த நுழைவும் வந்துவிட்டன. சீட்டில் போட்ட நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பின் போய்விட வேண்டும். குழுவுக்கு எந்த நேரத்துச் சீட்டு எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நல்ல நிறுவனம் உடனே சொல்லும். மழுப்பினால் இன்னும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை 8 மணிச் சீட்டுதான் சிறந்தது. 9 மணிக்கு மேல் உல்லாசக் கப்பல் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும், பிறகு நுழைவு மண்டபமான புரோப்பிலேயாவின் படிகளில் ஆள் மேல் ஆள்தான். 2023, 2024, 2025 கோடைகளில் வெயில் தாங்காமல் பல நாட்கள் மதியத்தில் சில மணி நேரம் மூடிவிட்டார்கள். நடுப்பகல் சீட்டு வைத்திருந்தவர்கள்தான் அதில் மாட்டினார்கள்.

மேலே பளிங்கு பல நூற்றாண்டுக் கால்களால் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். மழைத்தூறல் விழுந்தால் இன்னும் மோசம். புதுச் செருப்பும் வேண்டாம், தோல் அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டாம். பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும். குதிகால் உயர்ந்த காலணிக்கு அனுமதியே இல்லை. பெரிய பைகளையும் உள்ளே விட மாட்டார்கள். நடக்கவே முடியாதவர்களுக்கு வடக்குச் சரிவில் மின்தூக்கி இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் அல்ல. முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அம்மா, அப்பா மெதுவாக ஏறக்கூடியவர்கள் என்றால் தெற்குச் சரிவில், டயோனிசஸ் அரங்கின் பக்கமாக உள்ள வாசல் நல்லது. சாய்வு மெல்ல ஏறும், உட்கார இடமும் கிடைக்கும். ஆனால் பேருந்துகள் பெரும்பாலும் மேற்கு வாசல் பக்கம்தான் இறக்கிவிடும், அதனால் கேட்காமல் கிடைக்காது.

குன்றின் மேல் உள்ள பெரிய கோயிலான பார்த்தினான் கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் முடிந்தது. அதை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது காலம் அல்ல, 1687-இல் வெனிஸ் படையின் குண்டு. உள்ளே துருக்கியர் வெடிமருந்து வைத்திருந்தார்கள். மிஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை 1801 முதல் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் கழற்றி எடுத்துப் போனார்கள். அதனால் குன்றின் மேல் ஒரு மணி நேரம், கீழே அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம் என்பதுதான் சரியான கணக்கு. எரெக்தியான் கோயிலைத் தாங்கி நிற்கும் பெண் சிலைகள் மேலே இருப்பவை நகல்கள்தான். அசல்களில் ஐந்து கீழே அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில். மலிவான திட்டங்களில் இந்த அருங்காட்சியகம் 'விருப்பத் தேர்வு' என்று தனிக் கட்டணத்தில் வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

கட்டணம் என்ற பேச்சு வந்ததால்: 2025 ஏப்ரலில் நுழைவுக் கட்டணங்கள் ஏறின. அக்ரோபொலிஸ் 30 யூரோ. டெல்ஃபி, ஒலிம்பியா, மைசீனி, எபிடாரஸ், கிரீட்டின் நோசோஸ், சான்டோரினியின் அக்ரோதிரி தலா 20 யூரோ. கூட்டினால் ஆளுக்கு 150 யூரோ, ஏதென்ஸ், ஹெராக்லியன் அருங்காட்சியகங்கள் தனி. ஏதென்ஸில் பல இடங்களைச் சேர்த்துப் பார்க்கும் பழைய 30 யூரோ சீட்டும் அப்போதே எடுத்துவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போனால் கணக்கு இடிக்கும். இன்னொரு செலவு, ஓட்டலில் கையோடு கேட்கும் காலநிலை வரி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 3 நட்சத்திரத்தில் 5 யூரோ, 4 நட்சத்திரத்தில் 10, 5 நட்சத்திரத்தில் 15. சுற்றுலா விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்தது பல சமயம் மலிவாக இருக்காது.

வழிகாட்டி என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். நம் ஊரிலிருந்து குழுவோடு வரும் டூர் மேனேஜர் வேறு, கிரேக்க அரசின் உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு. தொல்லியல் தளத்துக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்றவருக்குத்தான் அனுமதி. 'ஏதென்ஸில் மட்டும் வழிகாட்டி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், ஒலிம்பியாவில் உங்களை வாசலில் விட்டுவிட்டு டூர் மேனேஜர் காபி குடிக்கப் போவார். அங்கே அது பெரிய இழப்பு. ஏனென்றால் ஒலிம்பியாவில் நிற்பதைவிட விழுந்து கிடப்பதுதான் அதிகம். ஜீயஸ் கோயிலின் தூண்கள் 6-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சாய்ந்து, வெட்டிய முள்ளங்கித் துண்டுகள் போல அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பக்கத்தில் செங்கல் சுவரோடு ஒரு கட்டடம். பார்த்தால் சாதாரணத் தேவாலயம். அதற்கு அடியில்தான் சிற்பி பீடியஸின் பட்டறை இருந்தது. உலக அதிசயங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்ட ஜீயஸ் சிலையை அவர் செய்த இடம். ஆடை மடிப்புகளுக்கான சுடுமண் அச்சுகள் அங்கே கிடைத்தன, 'நான் பீடியஸுக்குச் சொந்தம்' என்று கீறிய ஒரு குவளையும் கிடைத்தது. குவளை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கையளவுதான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். ஒலிம்பியா முழுக்கச் சமதளம், மர நிழல் உண்டு. பெற்றோருக்கு இந்தச் சுற்றிலேயே மிகச் சுலபமான இடம் இது.

டெல்ஃபி அதற்கு நேர் எதிர். மலைச்சரிவில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். புனிதப் பாதை ஏதெனியர் கருவூலத்தைத் தாண்டி அப்போலோ கோயிலுக்கும், அங்கிருந்து அரங்குக்கும், கடைசியாக உச்சியில் விளையாட்டரங்குக்கும் போகும். கோயில் வரை போனாலே முக்கால்வாசி கிடைத்துவிடும், பெரியவர்கள் அங்கேயே திரும்பலாம். பேருந்து 11 மணிக்கு வந்து சேர்ந்தால் முதலில் அருங்காட்சியகம், வெயில் சாய்ந்தபின் சரிவு என்று மாற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வெண்கலத் தேரோட்டி கி.மு. 470-களைச் சேர்ந்தது, கண்ணும் இமையும்கூட அசலாக நிற்கின்றன. தோலோஸ் என்ற வட்டவடிவக் கட்டடம் பிரதான தளத்தில் இல்லை, சாலைக்குக் கீழே தள்ளி இருக்கிறது. அஞ்சலட்டையில் வரும் மூன்று தூண்கள் அதுதான். பேருந்தில் கடக்கும்போது இடமா வலமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வருவதும் முடியும், ஒரு வழிக்கு சுமார் 180 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம்.

எபிடாரஸ் அரங்கில் 55 வரிசைகள். கீழே 34, பிற்காலத்தில் மேலே சேர்த்தவை 21. நடுவில் ஒரு நாணயத்தைப் போட்டால் கடைசி வரிசை வரை கேட்கும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தபோது அந்தக் கதை அவ்வளவு நிற்கவில்லை. ஆனாலும் நடிகர் குரலெடுத்துப் பேசினால் மேல் வரிசை வரை கேட்கும்.

மெட்டியோராவில் இப்போது ஆறு மடாலயங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கிழமை விடுமுறை. அதனால் திட்டத்தில் 'இரண்டு மடாலயங்கள்' என்றுதான் இருக்கும், எவை என்பது கிழமையைப் பொறுத்தது. பெரிய மெட்டியோரோனுக்கு ஏறத்தாழ 300 படிகள். புனித ஸ்தேவான் மடாலயத்துக்குச் சிறு பாலத்தைக் கடந்தால் போதும். பெண்கள் பாவாடையோ சேலையோ, தோள் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. சுடிதாரின் பேன்ட்டுக்கு மேல் சுற்றிக்கொள்ள வாசலில் துணி கொடுப்பார்கள், ஒரு துப்பட்டா கையில் இருந்தால் அதற்கும் அவசியம் இராது.

இனி தீவுகள். இங்கே உங்களை ஆளுவது காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வானம் தெளிவாக இருக்கும்போதே நாட்கணக்கில் அடிக்கும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். விரைவுப் படகுகள் முதலில் நிற்கும், பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சான்டோரினிக்கு விரைவுப் படகில் ஐந்து மணி நேரம், பெரிய கப்பலில் ஏழெட்டு மணி நேரம். வாந்தி வரும் என்று பயப்படுபவர்கள் வேகத்துக்கு ஆசைப்படாமல் பெரிய கப்பலையே கேளுங்கள். அதில் மேல்தளத்தில் காற்று வாங்கலாம்; விரைவுப் படகில் இருக்கையில் அடைந்து கிடக்க வேண்டும். நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் தங்கும் திட்டத்தை ஏற்காதீர்கள். படகு நின்றால் விமானமும் போய்விடும்.

மிக அதிகமாக ஏமாற்றம் தருவது டீலோஸ். அப்போலோ கடவுள் பிறந்ததாகச் சொல்லப்படும் தீவு, ஏஜியன் கடலில் பழங்காலத்துக்கு அதைவிடச் செறிவான இடம் வேறு இல்லை. மிக்கோனோஸிலிருந்து படகில் அரை மணி நேரம்தான். ஆனால் தங்க முடியாது, படகுகள் பெரும்பாலும் காலையில் போய் மதியத்தில் திரும்பும். உல்லாசக் கப்பல் மாலையில் மிக்கோனோஸை அடைந்தால் டீலோஸ் கிடைக்காது. காற்றாலைகளும் கடைத்தெருவும்தான் மிஞ்சும். மிக்கோனோஸில் ஓர் இரவாவது தங்காத திட்டத்தில் அந்தத் தீவையே எடுத்துவிடச் சொல்வேன். டீலோஸில் நிழல் தரும் மரம் ஏறக்குறைய கிடையாது. தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் போகக் கூடாது.

சான்டோரினியில் உல்லாசக் கப்பல் பழைய துறைமுகத்தில் நங்கூரமிட்டு சிறு படகில் இறக்கும். மேலே ஃபிரா ஊருக்குப் போகக் கம்பிவண்டி, இல்லாவிட்டால் 580-க்கு மேற்பட்ட படிகள். மூன்று கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்தால் கம்பிவண்டிக்கே ஒரு மணி நேரம் போகும். ஊருக்குள் உங்களுக்கு இருப்பதே நான்கு மணி நேரம். படிகளில் கோவேறு கழுதைகள் ஏறும், பெரியவர்களை அதில் ஏற்றாதீர்கள். சூரிய அஸ்தமனத்துக்கு ஓயா என்ற ஊருக்குப் போகலாம், அல்லது அக்ரோதிரி போகலாம். கப்பல் பயணிக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கி.மு. 1600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர் அக்ரோதிரி, 1967-இல் தொல்லியலாளர் மரினாடோஸ் தோண்டத் தொடங்கினார். மாடி வீடு, வடிகால், சாடிகள் எல்லாம் அப்படியே. மனித உடல்கள் கிடைக்கவில்லை, முன்கூட்டியே வெளியேறியிருக்கிறார்கள். தளம் முழுவதும் கூரைக்கு அடியில் இருப்பதால் மதிய வெயிலிலும் பார்க்கலாம்.

கிரீட்டில் நோசோஸ் அரண்மனையை 1900 முதல் தோண்டிய ஆர்தர் எவன்ஸ், தான் கற்பனை செய்தபடி கான்கிரீட்டில் தூண்களையும் மாடிகளையும் எழுப்பிவிட்டார். சிவப்புத் தூண்கள் எல்லாம் அவருடைய காலத்தவை. சுவரோவியங்கள் நகல்கள், அசல் துண்டுகள் ஹெராக்லியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எது பழங்காலக் கிரீட் மக்களான மினோவர் கட்டியது, எது எவன்ஸ் கட்டியது என்று பிரித்துச் சொல்லாத வழிகாட்டியோடு நோசோஸ் போவது வீண். அருங்காட்சியகம் இல்லாமல் நோசோஸ் மட்டும் காட்டுவதும் அரைகுறை.

என் பரிந்துரை இது. எட்டு நாள்தான் என்றால் மிக்கோனோஸ், கிரீட், மெட்டியோரா மூன்றையும் வெட்டுங்கள்: ஏதென்ஸ் 3 இரவு, நாஃப்பிலியோ 1, டெல்ஃபி 1, சான்டோரினிக்கு விமானத்தில் போய் 1, திரும்பி ஏதென்ஸில் 1. ஒலிம்பியா இதில் வராது, வருத்தம்தான். இன்னும் மூன்று நாள் கூட்ட முடிந்தால் நாஃப்பிலியோவுக்கும் டெல்ஃபிக்கும் நடுவே ஒலிம்பியாவில் ஓர் இரவைச் சேருங்கள். சான்டோரினியிலிருந்து படகில் இரண்டு மணி நேரத்தில் ஹெராக்லியன் போய் இரண்டு இரவு தங்கி, அங்கிருந்து விமானத்தில் ஏதென்ஸ் திரும்பலாம். காலம், ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் 20 வரை. மே 1, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறு இரண்டிலும் தளங்கள் மூடியிருக்கும். அந்த ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் நாட்காட்டி ஈஸ்டரோடு சேர்ந்து வராது.

சைவம் என்றால் கவலை வேண்டாம். கிரேக்கர்களுக்கு நோன்பு நாட்கள் அதிகம், அதனால் 'நிஸ்திசிமா' என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத உணவு எது என்று அவர்களுக்கே புரியும். கடல் உணவும் கூடாது என்று மட்டும் தனியாகச் சொல்லுங்கள், கணவாய் மாதிரியானவை நோன்பில் சேரும். கிகாண்டெஸ் என்ற பெரிய மொச்சை, சோறு நிரப்பிய தக்காளி, கீரை அடைத்துச் சுட்ட 'பை' (pie), சான்டோரினியின் ஃபாவா பருப்பு எல்லா ஊரிலும் கிடைக்கும். தினமும் இந்தியச் சாப்பாடு என்று விளம்பரிக்கும் குழுக்கள் அதற்காகப் பேருந்தைத் திருப்பும் நேரமும் தளங்களிலிருந்துதான் போகிறது.

விசா: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு, கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். உல்லாசக் கப்பல் திட்டத்தில் குசடாசி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எபேசஸ் என்ற பழங்கால நகரத்தைக் காட்டுவதற்காகக் கப்பல் நிற்கும் துருக்கித் துறைமுகம் அது. துருக்கி ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், பலமுறை நுழையும் விசாவையே கேட்டு விண்ணப்பியுங்கள். துருக்கியில் இறங்க என்ன ஆவணம் வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.